எட்டுப் புள்ளியில் ஒரு விக்ரம்

திருமலையில் சுவாமி சன்னிதிக்குள் கேமரா போகாது. கைபேசியையும் ஒப்படைத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும். அதனாலோ என்னவோ, மற்ற ஊர்களில் ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிவிட்ட பிறகும் இங்கே அந்தத் தொழிலுக்கு ஆயுசு மிச்சமிருக்கிறது. மொட்டைத்தலையில் சந்தனம் காயாத ஒரு குடும்பம், பின்னால் கோபுரமும் மலையும் வரைந்த திரை, நடுவில் அழத் தயாராக ஒரு குழந்தை. இப்படி ஒரு படம் தொங்காத சுவர் நம் சொந்தபந்தத்தில் குறைவு.

அப்படிப்பட்ட ஒரு கடையில்தான் இந்தக் கேள்வி எனக்குக் கிடைத்தது. கடைக்காரர் நகரிப் பக்கத்துத் தமிழர். புதிதாக வாங்கிய கேமராவைத் துணியால் துடைத்தபடியே, “அறுபத்தோரு மெகாபிக்சல் சார். கல்யாண ஆர்டருக்காக எடுத்தேன்” என்றார். நான் அறிவியல் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “நம்ம ஸ்ரீஹரிகோட்டாவுலேர்ந்து நிலாவுக்கு விட்டாங்களே, அதுல இருக்கிறது எத்தனை மெகாபிக்சல்?”

‘நம்ம’ என்று அவர் சொன்னதில் தப்பில்லை. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீஹரிகோட்டா, 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி மாவட்டம் உருவானபோது அதோடு சேர்ந்துவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஏழுமலையானுக்கும் ராக்கெட்டுக்கும் உறவு உண்டு. முக்கியமான ஏவுதலுக்கு முன்னால் இஸ்ரோக்காரர்கள் மலையேறிக் கும்பிட்டுவிட்டு வருவது வழக்கம். 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்புவதற்கு முந்தின நாள் அதன் சின்ன மாதிரியையே கையில் ஏந்திக்கொண்டு போனார்கள். கேமராவுக்குத் தடை, கேமரா சுமக்கும் ராக்கெட் குடும்பத்தின் பொம்மைக்கு அனுமதி. பெருமாள் கணக்கு நமக்குப் புரியாது.

அவர் கேட்ட கேமரா, 2019 ஜூலை 22 பிற்பகல் 2.43 மணிக்குச் சந்திரயான்-2உடன் கிளம்பிப் போனது. நிலாவைச் சுற்றும் கலத்தில் பொருத்திய அதன் பெயர் ஓ.எச்.ஆர்.சி. சுற்றுக்கலத்தின் உயர்நுணுக்கக் கேமரா என்று அர்த்தம். அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் உருவானது. கடைக்காரரின் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், அதன் உணரி அகலவாக்கில் 12,000 புள்ளிதான். நீளவாக்கில்? படத்தின் நீளத்தை அந்த உணரி தீர்மானிப்பதே இல்லை.

நகரி, புத்தூர், நாராயணவனம் பக்கம் தறிச் சத்தம் கேட்டவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தறியில் புடவை ஒரே அடியாக விழுவதில்லை. பாவு விரித்திருக்கிறது, நாடா ஒருமுறை ஓடினால் ஒரு வரி, துணி சுருளச் சுருள அடுத்த வரி. ஓ.எச்.ஆர்.சி.யின் பாவு 12,000 இழை. கலம் நிலாவின் மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கீழே நகரும் நிலத்தின் ஒரு கோட்டைக் கேமரா நெய்கிறது, அடுத்த கணம் அடுத்த கோட்டை. கிளிக் என்று ஒரு சட்டத்துக்குள் உலகத்தைப் பிடித்து அடைக்கும் வேலையே அதில் இல்லை. 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது நெய்யும் துணியின் அகலம் 3 கிலோமீட்டர், ஒரு படத்தின் நீளம் 12 கிலோமீட்டர். ஒரு புள்ளி என்பது நிலத்தில் 25 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 12,000 இழைக்கு 48,000 வரி. ஆக மொத்தம் 57 கோடியே 60 லட்சம் புள்ளிகள்.

“உங்க கணக்குல சொன்னா 576 மெகாபிக்சல் அண்ணே” என்றேன். அவர் தன் கேமராவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பாவமாக இருந்தது. அதைத் தேற்றவாவது மீதியைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் மெகாபிக்சல் இந்தக் கதையில் சின்னப் பாத்திரம்.

100 கிலோமீட்டர் தூரம் எவ்வளவு என்பதற்கு நம் ஊரிலேயே அளவுகோல் இருக்கிறது. திருப்பதியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பறவை பறக்கும் கோட்டில் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். திருமலையில் நின்றுகொண்டு, நடுவில் காற்றும் புழுதியும் இல்லையென்று வைத்துக்கொண்டு, ராக்கெட் தளத்து வாசலில் கிடக்கும் ஒரு செங்கலைக் கண்டுகொள்ள வேண்டும். அதுதான் இந்தக் கேமராவுக்குக் கொடுத்த வேலை. நல்ல மனிதக் கண் 100 கிலோமீட்டரில் 29 மீட்டருக்குக் குறைந்த எதையும் தனித்துப் பிரித்தறியாது. அங்கே ஒரு பெரிய கல்யாண மண்டபம் நின்றால் நமக்கு அது ஒரு புள்ளி.

இப்போது கடைக்காரரின் கேமராவை எடுத்துக்கொள்வோம். அதன் உணரி 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். அதற்குள் 6 கோடியே 10 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 266இல் ஒரு பங்கு. இவ்வளவு பொடிசான புள்ளியைச் செய்துவிட்டபின், 25 சென்டிமீட்டரை ஒரு புள்ளியில் விழவைக்க ஒன்றரை மீட்டர் குவியதூரம் கொண்ட லென்ஸ் இருந்தால் காகிதக் கணக்குச் சரியாகிவிடும். அதாவது பிக்சல் சிக்கலே இல்லை. சிக்கல் லென்ஸின் வாயில் இருக்கிறது.

ஒளி ஒரு அலை. ஒரு துவாரத்தின் வழியே நுழையும்போது விளிம்பில் பட்டுச் சற்றே விரிகிறது. பள்ளியில் ‘விளிம்பு விளைவு’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்த விஷயம். துவாரம் குறுகக் குறுக விரிவு கூடும். ஒரு நட்சத்திரத்தைப் படம் பிடித்தால்கூட அது புள்ளியாக விழாது. சின்ன வட்டமாகத்தான் விழும். எவ்வளவு பெரிய நிபுணன் கடைந்த லென்ஸாக இருந்தாலும் இந்த வட்டத்திலிருந்து தப்பிக்க வழியில்லை. கல்யாண வீட்டில் நாலு வரிசையாக ஐம்பது பேரை நிறுத்தி, முன்வரிசைப் பாட்டியும் பின்வரிசைச் சித்தப்பாவும் ஒன்றுபோலத் தெளிவாக விழ வேண்டும் என்று துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்குவார்கள். அப்போது அந்த ஒளிவட்டத்தின் விட்டம் ஐந்தாறு பிக்சல் அகலத்துக்கு வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய 61 மெகாபிக்சலில் பெரும்பங்கு அங்கேயே வீண். பை நிறைய நெல், படி சின்னது.

100 கிலோமீட்டரிலிருந்து 25 சென்டிமீட்டரைப் பிரிக்கக் கேமராவின் வாய் குறைந்தது 27 சென்டிமீட்டராவது விரிய வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. நாம் சாப்பிடும் எவர்சில்வர் தட்டின் அகலம். இதைவிடச் சின்ன வாயை வைத்துக்கொண்டு உணரியில் எத்தனை கோடி புள்ளி போட்டாலும், மங்கலான படத்தைப் பெரிதாகப் பார்க்கலாம், அவ்வளவே.

இதே 25 சென்டிமீட்டரைப் பூமியைச் சுற்றியபடி காட்ட என்ன ஆகும்? அதற்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே சாட்சி கிளம்பியது. 2019 நவம்பர் 27 காலையில் பி.எஸ்.எல்.வி.-சி47 தூக்கிச்சென்ற கார்ட்டோசாட்-3. அதன் கறுப்பு வெள்ளைக் கேமராவும் ஒரு புள்ளிக்கு 25 சென்டிமீட்டர்தான். ஆனால் அதன் வாய் 1.2 மீட்டர், ஏறக்குறைய 4 அடி. திறமை ஒன்றுதான், ஆனால் ஒன்றுக்குத் தட்டு போதும். இன்னொன்றுக்குக் கல்யாணச் சமையல் அண்டா வேண்டும். வித்தியாசம் காற்றால் வந்தது. நிலாவில் காற்று இல்லை, 100 கிலோமீட்டர் உயரத்தில் வருடக்கணக்கில் சுற்றலாம். பூமியில் அந்த உயரத்தில் சுற்ற முயன்றால் காற்றில் உரசிச் சில மணி நேரத்தில் எரிந்து விழ வேண்டியதுதான். எனவே கார்ட்டோசாட்-3 ஐந்து மடங்கு தள்ளி, 509 கிலோமீட்டரில் நிற்கிறது. வாயும் அதற்கேற்ப விரிகிறது. மொத்தம் 1,625 கிலோ எடை. வாய்தான் எடையைக் கேட்கிறது. 4 அடி அகலக் கண்ணாடி வில்லையைக் கடைந்து மேலே தூக்குவது நடக்காத காரியம் என்பதால் இத்தனை பெரிய கேமராக்களில் ஒளியை ஆடிகள்தான் குவிக்கின்றன. அந்த ஆடியின் முதுகையும் குடைந்து குடைந்து எடையைக் குறைக்கிறார்கள்.

நம் நாட்டுக் கேமராக்கள் இந்த இடத்துக்கு ஒரே தாவலில் வந்துவிடவில்லை. 1979இல் சோவியத் மண்ணிலிருந்து ஏறிய பாஸ்கராவின் தொலைக்காட்சிக் கேமராவுக்கு ஒரு புள்ளி 1 கிலோமீட்டர். 1988இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ கொண்டுபோன கேமராக்களில் ஒன்றுக்கு 72.5 மீட்டர்; திருமலைக் கோயில் முழுவதும் இரண்டு மூன்று புள்ளிக்குள் அடங்கிவிடும். 1995 கடைசியில் ஐ.ஆர்.எஸ்.-1சி 5.8 மீட்டருக்கு இறங்கியபோது, ராணுவம் சாராத செயற்கைக்கோள்களில் அன்றைக்கு அதுவே கூர்மையான கண். அங்கிருந்து கால் மீட்டருக்கு வர இன்னும் 24 வருடம்.

வாயைச் சரிசெய்துவிட்டால் அடுத்தது ஷட்டர். ஸ்டுடியோவில் குழந்தை தலையை ஆட்டினால் படம் ‘ஷேக்’ ஆகிவிடும். நிலாவைச் சுற்றும் கலத்துக்குக் கீழே நிலம் நொடிக்கு 1.5 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. 25 சென்டிமீட்டரைக் கடக்க ஒரு நொடியில் 6,000இல் ஒரு பங்குதான் ஆகும். அதற்குள் ஒளியைப் பிடித்தால்தான் உண்டு; இல்லையென்றால் புள்ளி இழுபட்டுக் கோடாகிவிடும்.

நல்ல கேமராக்களில் 8,000இல் ஒரு பங்குகூட வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், பட்டப்பகல் வெளிச்சத்தில். நிலாவில் ஒரு சங்கடம் உண்டு. கவிஞர்கள் பாலையும் வெள்ளியையும் உவமை சொல்லிச் சொல்லி நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள். நிலா வெள்ளையே இல்லை. விழும் வெளிச்சத்தில் சராசரியாக நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குதான் திருப்பி அனுப்புகிறது. பழசான தார் ரோட்டின் நிறம். கறுத்த வானத்துக்கு எதிரே நிற்பதால் வெளுத்துத் தெரிகிறது. அந்தத் தார் ரோட்டை, சூரியன் தலைக்கு மேல் வராத தென்துருவப் பக்கத்தில், சாய்ந்த வெயிலில் படம் பிடிக்க வேண்டும். சூரியன் அடிவானத்திலிருந்து 6 பாகை உயரத்தில் நின்றால் தரையில் விழும் ஒளி உச்சிவெயிலில் பத்தில் ஒரு பங்கு.

இதற்கு அவர்கள் கையாண்ட உத்தியைப் பேருந்து நிலையத்தில் தினமும் பார்க்கலாம். வண்டி நகரத் தொடங்கிவிட்டது. ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். சொல்லவேண்டியது பாக்கி இருக்கிறது. தம்பி என்ன செய்கிறான்? ஜன்னலோடு சேர்ந்தே ஓடுகிறான். வண்டி ஓடினாலும் இருவருக்கும் இடையே முகம் நகரவில்லை, பேச்சு முடிகிறது. ஓ.எச்.ஆர்.சி.யின் உணரியில் 12,000 புள்ளி கொண்ட வரிசை ஒன்றல்ல, அடுக்கடுக்காகப் பல. நிலத்தில் உள்ள ஒரு கல்லின் பிம்பம் முதல் வரிசையில் விழும். அந்த வெளிச்சத்தால் அங்கே கொஞ்சம் மின்னூட்டம் சேரும். பிம்பம் அடுத்த வரிசைக்கு நகரும் அதே வேகத்தில் அந்த மின்னூட்டத்தையும் அடுத்த வரிசைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அங்கே அதே கல்லின் ஒளி இன்னும் கொஞ்சம் சேர்கிறது. கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்போது, ஒற்றை வரிசைக்குக் கிடைத்ததைப்போல் பல மடங்கு ஒளி கையில் இருக்கும், படமும் இழுபடாது. மின்னூட்டத்தை இப்படி வரிசைவிட்டு வரிசை கைமாற்றும் சில்லுக்கு சி.சி.டி. என்று பெயர். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயலும் ஜார்ஜ் ஸ்மித்தும் அதைக் கண்டுபிடித்தார்கள். நோபல் பரிசு வர 2009 ஆயிற்று.

தம்பியின் ஓட்டம் வண்டியின் வேகத்தோடு பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் எல்லாம் குழம்பிவிடும். ஆகவே கலத்தின் உயரம், வேகம், அது நோக்கும் திசை எல்லாம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு புள்ளியின் கோணத்தை நாணயத்தால் சொல்வதானால், புது ஒரு ரூபாய்க் காசை 8 கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கும் கோணம். அலிபிரியில் ஏறி 3,550 படிகள் கடந்து மலைக்குப் போகும் பாதையின் நீளமே அதைவிடச் சற்றுத்தான் அதிகம். ஒளி சேரும் அந்தக் கணத்தில் கலம் அவ்வளவு சின்னக் கோணத்தைவிட அதிகமாக நடுங்கக் கூடாது. கலத்துக்குள் சுழலும் சக்கரங்கள், சூரியத் தகடுகள், வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே விரிந்து சுருங்கும் உலோகம் என்று நடுக்கத்துக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கல்யாணக் கேமராவுக்கு ஸ்டாண்டு இருக்கிறது. இதற்கு ஊன்றிக்கொள்ள ஒன்றுமே கிடையாது.

நிறம்? கிடையாது. கறுப்பு வெள்ளைதான். இதைச் சொன்னபோது கடைக்காரர் முகத்தில் முதல்முறையாக ஒரு சின்னத் திருப்தி தெரிந்தது. ஆனால் இது இல்லாமையால் வந்த குறை அல்ல. நம் கேமராக்களில் ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் சிவப்போ பச்சையோ நீலமோ ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. வந்த ஒளியில் தன் நிறத்தை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கிறது. விடுபட்ட நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறார்கள். ஒளிக்கே தவிக்கிற இடத்தில் அந்த ஊதாரித்தனம் கட்டுப்படியாகாது. கார்ட்டோசாட்-3 வண்ணமும் எடுக்கிறது; வண்ணத்தில் அதன் ஒரு புள்ளி 1.13 மீட்டர். நிறத்துக்குக் கொடுத்த விலை கண்ணெதிரே தெரிகிறது.

இவ்வளவு கூர்மை எதற்கு? இறங்குவதற்கு. 2019 செப்டம்பர் 7 விடியாத வேளையில் சந்திரயான்-2இன் இறங்குகலமான விக்ரம் நிலாத் தரையில் மோதி நொறுங்கியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அன்றைய இஸ்ரோ தலைவர் கே. சிவன் கண்கலங்கியதும்தான். விழுந்த இடம் எங்கே என்று அமெரிக்காவின் எல்.ஆர்.ஓ. கலம் எடுத்த படங்களை நாசா பொதுவில் வைத்தது. மதுரையைச் சேர்ந்த, சென்னையில் வேலை பார்த்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், விழுவதற்கு முந்தின படத்தையும் பிந்தின படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு ராத்திரிகளைக் கழித்தார். முன்பு இல்லாத ஒரு வெளிச்சப் புள்ளியைக் கண்டார். ஒரே ஒரு பிக்சல். அந்தப் படத்தில் ஒரு பிக்சல் என்பது 1.3 மீட்டர். அவர் தகவல் அனுப்பினார். நாசா மேலும் படங்களை ஒப்பிட்டு, அது விக்ரமின் சிதறல்தான் என்று டிசம்பர் 2ஆம் தேதி அவர் பெயரோடு அறிவித்தது. பிரதான மோதலிடத்திலிருந்து அது 750 மீட்டர் வடமேற்கே கிடந்தது. கோடிக்கணக்கான டாலரில் செய்த கேமரா எடுத்த படத்தில், உலகமே பார்த்துத் தாண்டிப்போன ஒரு புள்ளியில் ஒருவர் கண் நின்றது. கேமரா விமர்சனம் எழுதுகிறவர்கள் இந்த உறுப்பைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

அந்தப் படம் எடுத்தபோது சூரியன் அங்கே அடிவானத்திலிருந்து 6 பாகையில்தான் இருந்தது. ஒளிக்கு அது பஞ்சம் என்று சற்று முன்பு குறைப்பட்டுக்கொண்டேன். ஆனால் தேடுகிறவனுக்கு அதுவே வரம். 6 பாகை வெயிலில் 25 சென்டிமீட்டர்க் கல் ஒன்று 2.4 மீட்டர் நீளத்துக்கு நிழல் விடும். கல் ஒரு புள்ளிதான். நிழல் ஒன்பது பத்துப் புள்ளி. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தரை தட்டையாகத்தான் தெரியும். மேடு எது, பள்ளம் எது, கால் ஊன்றினால் கவிழ்க்கும் பாறை எது என்று காட்டிக்கொடுப்பது நிழல்.

இறங்குகலம் உடைந்தாலும் சுற்றுக்கலம் பிழைத்தது. ஒரு வருட ஆயுளுக்குத் திட்டமிட்டது, ஏவுதலில் எரிபொருள் மிச்சமானதால் ஏழு வருடம் வரை ஓடும் என்றார்கள். எனவே அடுத்த விக்ரம் எங்கே இறங்கலாம் என்று பார்த்துவைக்கும் வேலை, முந்தின விக்ரமோடு போன கேமராவுக்கு வந்து சேர்ந்தது. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் தலைமையில் சந்திரயான்-3 புறப்பட்டபோது, இறங்கவேண்டிய பகுதியின் கல்லும் குழியும் ஓ.எச்.ஆர்.சி. படங்களில் முன்கூட்டியே எண்ணப்பட்டிருந்தன. 2023 ஆகஸ்ட் 23 மாலை ஆறு மணி சுமாருக்கு விக்ரம் நிலாவில் நின்றது. அன்றிரவு 10.17 மணிக்குச் சந்திரயான்-2 அதன்மேலாகப் பறந்தபோது ஒரு படம் எடுத்தது. விக்ரம் ஏறத்தாழ இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். கால் மீட்டர் புள்ளியில் அளந்தால் எட்டுக்கு எட்டு.

மொட்டைக் குடும்பம் ஒன்று உள்ளே வருவதற்குள் அந்தப் படத்தைக் கைபேசியில் தேடி எடுத்துக் கடைக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். வெளுத்த ஒரு சின்னக் கட்டம், சுற்றிலும் அம்மைத் தழும்புபோலக் குழிகள். நான் எட்டுப் புள்ளி கணக்கை மறுபடி ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு குழியிலும் இருட்டு எந்தப் பக்கம் தேங்கியிருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லைட் ஒரே பக்கத்துலேர்ந்துதான் வருது போல” என்றார். “எதிர்ப்பக்கம் ரிஃப்ளெக்டர் வைக்க ஆளில்லை, பாவம்.”